கொழும்புத் துரை சொன்னதும் நான் சொன்னதும்

1954 ஜனவரி 19, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. கதிர் முற்றும் காலம், வயற்காவலுக்குப் போயிருப்பார்கள். இருந்தவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதப் பழக்கினேன்.

இடைவேளையில் முகைதீன்பாவா மாமா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். என் மனைவி மைமூனாவின் தாய்மாமன், கிராமச் சங்கத்துச் சேர்மன், எனக்குச் சொந்த ஊருக்கு மாற்றம் எடுத்துத் தந்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு அரசாங்கத் துரை வருகிறாராம். காரைதீவுக்கு மேற்கே உள்ள முந்நூறு ஏக்கர் வயல்வட்டையில் விமான நிலையம் போடும் யோசனை. துரை பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவிலும் இதே கதைதான். பிடித்த மீன் அன்றைக்கே கொழும்புக்குப் போகும் என்கிறார்கள் சாய்ந்தமருதுக்காரர். மருதமுனை நெசவுக்காரருக்கும் ஆசை. அந்த வட்டையில் வயல் செய்கிறவர்கள்தான் வாய் திறப்பதில்லை. அவர்களில் நம் முஸ்லிம்களும் உண்டு, காரைதீவுத் தமிழரும் உண்டு. எல்லாம் அரசாங்க அனுமதியில் செய்கிற பெர்மிட் நிலம். அரசாங்கம் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

ஜனவரி 24, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபம் கொள்ளாத சனம். கடைக்கார மக்கீன் எழும்பி, விமானம் வந்தால் கல்முனை இரண்டாம் கொழும்பாகும் என்று அரைமணி நேரம் பேசினார். வயற்காரர் பக்கத்திலிருந்து கூச்சல். அடிபிடி வரப் பார்த்தது.

பிறகு காரைதீவு வேலப்போடி எழும்பினார். ஐம்பது வயதிருக்கும். கத்தவில்லை. "எங்கட நிலத்துக்குப் பதிலா வேற நிலம் தருவாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க, மாஸ்டர்."

கேட்டேன். துரை கண்ணாடியைத் துடைத்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: அதைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் எந்த வாக்குறுதியும் தர முடியாது.

நான் சனத்தின் பக்கம் திரும்பினேன். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா லேசாகத் தலையை அசைத்தார்.

"நிலத்துக்கு நிலம் தருவாங்களாம்" என்றேன்.

வயற்காரரும் சம்மதமென்று கை தூக்கினார்கள். வேலப்போடியும் தூக்கினார். துரை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஏன் சொன்னேன்? மாமாவுக்காகவா? சண்டை வரக்கூடாது என்றா? அதெல்லாம் பாதிதான். அத்தனை முகங்கள் பார்த்திருக்க, என் வாயிலிருந்து ஒரு நல்ல சேதி வர வேண்டுமென்று ஆசைப்பட்டேன் — அதுதான்.

ஜனவரி 25

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். காய்ச்சலா என்று மைமூனா கேட்டாள். ஓம் என்றேன்.

பெப்ரவரி 12, வெள்ளி

ஜும்மா முடிந்து வெளியே வந்தால் வீதிக்கு அந்தப் பக்கம் வேலப்போடி நிற்கிறார். புது நிலம் எங்கே தருவார்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். சேர்மனிடம் போனாராம், மாஸ்டரைக் கேள் என்று அனுப்பிவிட்டாராம். வாய்க்காலுக்குக் கிட்டவாகப் பார்த்துக் கேட்கச் சொன்னார். கேட்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால், ஒரு மூட்டை புது அரிசி. அவர் இறக்கிவிட்டுப் போனது. மைமூனா அதில் ஆக்கினாள். தின்றேன்.

மார்ச் 30, செவ்வாய்

அறுவடை முடிந்த வயலில் நிலம் அளக்கும் சேவையர்மார் முளை அடித்துவிட்டார்கள். வயற்காரருக்குக் கடிதம் வந்திருக்கிறது: பெர்மிட் ரத்து. பதில் நிலம் பற்றி ஒரு வரியும் இல்லை. வேலப்போடி மட்டக்களப்பில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்குப் போய், துரை எல்லார் முன்னாலும் சொன்னாரே, மாஸ்டர் சாட்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டாம் திகதி விசாரணை.

மாமாவிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. "அந்த வேலப்போடிக்குக் காது மந்தம், பிழையா விளங்கிட்டார் எண்டு சொல்லிப்போட்டு வா" என்றார்.

மைமூனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவர்ர அரிசியத்தானே ஒண்டரை மாசமாத் தின்னுறம்" என்றாள்.

ஏப்ரல் 8, வியாழன்

சொல்லிவிட்டேன். துரை அப்படிச் சொல்லவில்லை, நான்தான் கூட்டிச் சொன்னேன் என்றேன். உண்மையைச் சொன்னால் ஏதாவது நேராகும் என்று நம்பித்தான் போனேன்.

விசாரித்த அதிகாரி எழுதிக்கொண்டார். அப்படியானால் அரசாங்கம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, முறைப்பாட்டுக்கு ஆதாரமில்லை என்று காகிதக் கோவையை மூடினார். அவர்கள் கை தூக்கியதே என் பொய்யை நம்பித்தான், அதையாவது எழுதுங்கள் என்றேன். அது கிராமச் சங்கத்து விஷயம் என்றுவிட்டார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவர்களிடம் இருந்த ஒரே பிடியையும் நானே அறுத்துவிட்டேனே, யா அல்லாஹ்.

விறாந்தையில் வேலப்போடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அண்டைக்கே இதச் சொல்லியிருந்தா நாங்க கை தூக்கியிருக்க மாட்டம், மாஸ்டர்."

ஒரே பஸ்ஸில் வந்தோம். அவர் முன்னுக்கு இருந்தார். இடம் இருந்தும் நான் பின்னால் நின்றே வந்தேன்.

ஏப்ரல் 20

மாமா வீட்டுப் பக்கம் வருவதில்லை. எனக்கு மாற்றம் வரும் என்கிறார்கள். வரட்டும்.

ஜூலை 3, சனி

வட்டையைச் சுற்றிக் கம்பி வேலி. ஆனால் இந்த வருசம் விமான நிலைய வேலை தொடங்காதாம், பின்னால் பார்ப்பார்களாம். அதுவரைக்கும் விதைக்கவாவது விடுவார்களா என்று வயற்காரர் கேட்டிருக்கிறார்கள். முடியாதாம். கடைத்தெருவில் இப்போது விமானத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஒக்டோபர் 17, ஞாயிறு

மாற்றக் கடிதம் வந்துவிட்டது. போகுமுன் வேலப்போடியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று காரைதீவுக்குச் சைக்கிளில் போனேன். வீட்டில் இல்லை; வட்டையில் இருப்பார் என்று அவர் மனைவி சொன்னார்.

வழியெல்லாம் விதைப்பு. கம்பிக்குள்ளே மட்டும் இடுப்பளவு புல். வேலிக் கேற்றடியில், தூறலுக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையோடு வேலப்போடி குந்தியிருந்தார். ஆவணியிலிருந்து அரசாங்கக் காவல்காரராம். மாடும் மனிதரும் உள்ளே போகாமல் பார்க்கிற வேலை.

என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேற்றில் கை வைத்தேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்:

"உள்ளுக்கு ஆக்கள விட ஓடர் இல்ல, மாஸ்டர்."