சொன்னபடி சுடும் பிஸ்டல்

1955 ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஏலக்காய் லோடு இறங்கியது. கடை, வீடு, தலையணை உறை எல்லாம் ஒரே மணம். காபியில் தனியாகத் தட்டிப் போட வேண்டியதில்லை.

இவர் நெற்றியில் தையல் பிரித்தாயிற்று. காயம் ஆறிவிட்டது, மனிதர்தான் ஆறவில்லை. போன மாதம் கூலிச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் தனியாகப் போனவரை, போடிமெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குப் பிரிகிற பாதையில், கம்பளி போர்த்திய இரண்டு பேர் கை காட்டி நிறுத்தினார்கள். தோட்டத்து ஆட்கள் என்று நினைத்து நிறுத்தியிருக்கிறார். கம்பால் அடித்துப் பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அன்றிலிருந்து கதவு தட்டினால் திடுக்கிடுகிறார்.

“லில்லி, பிஸ்டல் வாங்கப் போறேன். லைசென்சுக்கு எழுதிப் போட்டாச்சு” என்றார் சாப்பிடும்போது.

நான் இன்னொரு தோசை வைத்தேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

கோயிலில் போதகர் நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. பயந்தவன் கையில் துப்பாக்கி — இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28, புதன்

லைசென்ஸ் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவாங்கூர்-கொச்சியிலும் செல்லுமாம். நான்கு முறை வாசித்துக் காட்டச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மார்க்கு அட்டையைக் காட்டுவதுபோல் சோணைக்கும் காட்டினார். சோணை எங்கள் தோட்டத்துக் கங்காணி. அவன் மையொட்டாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, “முத்திரை நல்லா விழுந்திருக்கு மொதலாளி” என்றான்.

அக்டோபர் 5, புதன்

மதுரைக்கு ரயிலில் போனோம். கமருதீன் பாய் துப்பாக்கிக் கடை. பாய் கம்பத்துக்காரர், இவருக்குப் பழக்கம். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வாங்குவதென்று முடிவாகிவிட்டால், நல்லதாக வாங்க வேண்டாமா? புடவைக்கு ஏழு கடை ஏறி இறங்குகிறவள், புருஷன் உயிருக்கு ஒரு கடைகூடப் பார்க்காமல் இருப்பேனா?

சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரைமார் விற்றுவிட்டுப் போன பிஸ்டல்கள் மூன்றைப் பாய் எடுத்து வைத்தார். அமெரிக்காவில் செய்தது ஒன்று, ஸ்பெயினில் செய்தது ஒன்று, பெல்ஜியத்தில் செய்தது ஒன்று. மூன்றும் ஒரே வகைதான். முதல் தடவை கையால் இழுத்துவிட்டால் போதும். பிறகு ஒவ்வொரு வெடிக்கும் தானே காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும்.

“பாருங்க தங்கச்சி,” என்றார் பாய். “அமெரிக்காக்காரன் பலசாலி. ஆனா வாயி ருசி பாப்பான். புதுத் தோட்டாதான் வேணும் அவனுக்கு. ஸ்பெயின்காரன் வெல சகாயம், கொணம் ஒரு நேரம் போல இருக்காது, நடுவுல மாட்டிக்குவான். பெல்ஜியம்காரன் இருக்கானே, அவன் ஒங்க வீட்டுத் தையல் மிஷின் மாதிரி. எண்ணெய் மட்டும் போட்டு வைங்க, அவன் பாட்டுக்கு ஓடுவான்.”

“மாட்டிக்கிறது, மாட்டிக்கிறதுன்னு சொல்றீங்களே, எது எங்கண்ணே மாட்டும்?” என்று கேட்டேன்.

பாய்க்குச் சந்தோஷம். பெல்ஜியம்காரனைப் பிரித்துப் பரப்பிவிட்டார். ஸ்பிரிங், தோட்டாவின் முதுகில் கொத்துகிற ஊசி, ஊசி ஓடுகிற துவாரம். தையல் மிஷினேதான். நூல் சிக்குவதற்குப் பதில் தோட்டா சிக்கும், அவ்வளவுதான். திரும்ப மாட்டியபோது ஒரு இடத்தில் பாய்க்கு முன்னால் என் கை போனது. இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்டோபர் 17, திங்கள்

சிலமலைக்குப் பக்கத்தில் கல் குவாரியில் சோதனை. பாய் மூன்றையும் கொண்டுவந்தார். புதுத் தோட்டாவும் பழைய தோட்டாவும் கலந்து சுட்டுப் பார்த்தோம். நான் ஜீப்பில் குடை பிடித்து உட்கார்ந்து நீதிபதி வேலை பார்த்தேன்.

அமெரிக்காக்காரன் புதுத் தோட்டாவுக்குப் பளிச்சென்று சுட்டான், பழையது வந்ததும் நின்றுவிட்டான். ஸ்பெயின்காரன் காலித் தோட்டாவை முழுக்கத் துப்பாமல் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டான். சூடு ஆறினால் சரியாகும் என்றார் பாய். திருடன் சூடு ஆறும்வரை காத்திருப்பானா என்றேன். பாய் சிரித்துவிட்டு ஸ்பெயின்காரனைப் பையில் போட்டார். பெல்ஜியம்காரனைக் குவாரிப் புழுதியில் ஒரு புரட்டுப் புரட்டி, துணியால் துடைத்துச் சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை.

“இதுதான்” என்றேன். இவர் வாங்கிச் சுட்டார். தன் வெடிக்குத் தானே துள்ளினார்.

பிஸ்டல் மூன்றையும் சோதித்துவிட்டோம். இவர் கையை யார் சோதிப்பது?

நவம்பர் 4, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் போடுவது என் பொறுப்பாகிவிட்டது. தையல் மிஷினுக்கு விட்டுவிட்டு, அதே மிஷின் எண்ணெயைப் பிஸ்டலுக்கும் விடுகிறேன். ஊசித் துவாரத்தில் இரண்டு சொட்டு. சனிக்கிழமை அது மலைக்குப் போய்வருகிறது. இப்போதெல்லாம் சோணை கீழே வந்து கூடவே ஜீப்பில் ஏறுகிறான்.

இவர் தூங்குகிறார். நாலு மாதத்துக்குப் பிறகு குறட்டை கேட்கிறேன். அந்த இரும்பை வெறுக்க முடியவில்லை.

நவம்பர் 25, வெள்ளி

மூன்று நாளாக விடாத மழை. ரயில் வரவில்லை. மிஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது, கடைத்தெருவில் எங்கும் இல்லை. தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயை விட்டேன். எண்ணெய் எண்ணெய்தானே. நன்றாகவே வழுக்கிக்கொண்டு ஓடியது.

நவம்பர் 26, சனி

விளக்கு வைத்தாயிற்று. ஜீப் வரவில்லை. சோணை இருக்கிறான், பிஸ்டல் இருக்கிறது. என்ன ஆகிவிடப் போகிறது? — இப்படி எழுதினால் பயம் போகும் என்று எழுதுகிறேன். போகவில்லை.

நவம்பர் 27, ஞாயிறு

காலையில் வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகம்தான் அவர் முகமாக இல்லை. அடுக்களையில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

“சுட்டுட்டேன் லில்லி.”

கரண்டியைப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். “யாரை?” என்றேன்.

“வெடிக்கல” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுத முடியவில்லை. அதே பாதை, அதே வளைவு, ஒரே மூடுபனி. ரோட்டு நடுவில் கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு ஆள், கையில் அரிவாள், இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறது. இவருக்குப் போன தடவை அடி விழுந்ததுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிஸ்டலை எடுத்தார், நேராக நீட்டினார், விசையை இழுத்தார். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுக்கப் போனவரின் மணிக்கட்டைச் சோணை எட்டிப் பிடித்தான். “மொதலாளி, நம்ம அய்யம்மா மொதலாளி.”

அய்யம்மாள் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். வளைவுக்கு அந்தப் பக்கம் பாதை பாதியளவு சரிந்து பள்ளத்தில் விழுந்து கிடந்ததாம். ஜீப் வரும் நாள் என்று நினைவு வந்து, அரிவாளால் வழி வெட்டிக்கொண்டு காட்டு வழியாகச் சுற்றி ஓடிவந்து நின்றிருக்கிறாள். துப்பாக்கியைப் பார்த்தாள். “என்னையவா மொதலாளி?” என்று கேட்டுவிட்டு, அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். இருவரும் ஜீப்பை அங்கேயே விட்டு, அவள் பின்னால் நடந்துபோய்த் தோட்டத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஐயோ, நான்தானே பார்த்துப் பார்த்து எடுத்தேன். நிற்கவே நிற்காதது இதுதான்னு நான்தானே சொன்னேன். அது சொன்னபடி சுட்டிருந்தா?

கோயிலுக்கு இரண்டு பேரும் போகவில்லை.

டிசம்பர் 1, வியாழன்

ரயில் ஓடத் தொடங்கியதும் பாய் வந்துவிட்டார். தன் வீட்டுப் பிள்ளை தப்புச் செய்ததுபோல் முகம். “பெல்ஜியம்காரன் அப்படிச் செய்யமாட்டானே. எண்ணெய் போட்டீங்களா தங்கச்சி?”

“போட்டேண்ணே, வெள்ளிக்கிழமைகூடப் போட்டேன்.”

நடுப்பகலில் குவாரிக்குப் போய்ச் சுட்டார்கள். பெல்ஜியம்காரன் ஒன்றுகூட நிற்காமல் சுட்டான். அன்று வெடிக்காத தோட்டாவை இவர் வைத்திருந்தார். பாய் அதன் முதுகை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊசி தொட்டிருக்கு. ஆனா பலமாக் கொத்தல. கை தடவினாப்புல இருக்கு.” அதையே திரும்பப் போட்டுச் சுட்டார். அதுவும் வெடித்தது.

“வேற மாத்தித் தர்றேன்” என்றார். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார். தேவனே பிடித்து நிறுத்தினார் என்று நான் ஜெபத்தில் நன்றி சொன்னேன். ஆனாலும் ஊசி ஏன் தடவியது என்ற கேள்வி மனசில் குடைந்துகொண்டே இருக்கிறது. மிஷின் வைத்திருப்பவள் புத்தி.

டிசம்பர் 10, சனி

பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். அய்யம்மாளைப் பார்க்கவென்று நானும் மலைக்குப் போனேன். இதற்கு முன் மலைக்குப் போனதெல்லாம் மே மாதத்தில், வெயிலுக்குத் தப்பித்து. இந்தக் குளிர் எனக்குத் தெரியாது. போடிமெட்டிலேயே பல் தந்தியடித்தது.

அவள் என்னைக் கண்டதும் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. “மொதலாளி நல்லாத் தூங்குறாகளாம்மா?” என்று கேட்டாள். நான்தான் அழுதேன். அவள் மகளுக்குத் தலை வார உட்கார்த்தியிருந்தாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்து அடுப்போரம் சாய்த்து வைத்தாள்.

“எதுக்கு அடுப்புல வைக்கிற?”

“இங்கன தேங்காண்ணெய் கல்லாட்டம் ஒறைஞ்சிரும்மா. எளக்கித்தான் வைக்கணும். கீழ ஒங்களுக்கு அந்தச் சோலி இல்ல.”

புட்டிக்குள் வெள்ளையாக, அசையாமல் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஊரில் மார்கழி விடியலில் லேசாகக் கலங்கும், வெயில் ஏறினால் தண்ணீர். இது அப்படியில்லை.

ஜீப்புக்குப் போய்ப் பிஸ்டலைப் பிரித்தேன். கொண்டை ஊசியை ஊசித் துவாரத்துக்குள் விட்டுச் சுரண்டினேன். வெள்ளையாக வந்தது. முகர்ந்தேன். என் தலைமுடி வாசனை.

பெல்ஜியம்காரன் மேல் குற்றம் இல்லை. தோட்டா மேலும் இல்லை. என் கை அது. அய்யம்மாள் உயிரோடு இருப்பது அந்த இரண்டு சொட்டால். அன்று நின்றது திருடனாக இருந்திருந்தால், இவர் உயிர் போயிருக்கும்; அதுவும் அதே இரண்டு சொட்டால்தான். எதற்கு அழுவது, எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

கோயிலில் பத்துக் கட்டளை வாசித்தார்கள். ஆறாவதாக ‘கொலை செய்யாதிருப்பாயாக’ வந்தபோது இவர் தலை குனிந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். பிறகு சோணையைக் கூப்பிட்டுப் பேசினார். இனிமேல் சம்பள நாளில் தோட்டத்திலிருந்து நாலு பேர் போடிமெட்டுச் சாவடிக்கு வந்து காத்திருந்து, ஜீப்பிலேயே கூட ஏறிக்கொள்வார்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் ஆளாகத் தான் வருவதாக அய்யம்மாள் நேற்றே சோணையிடம் சொல்லியிருந்தாளாம். பிஸ்டலை விற்றுவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும். இடுப்புல கனம் இருந்தாத்தான் எனக்கு அந்த வளைவத் தாண்ட முடியுது” என்றார்.

டிசம்பர் 16, வெள்ளி

பாய் ரயிலில் மிஷின் எண்ணெய் அனுப்பியிருந்தார், பெரிய புட்டி. தையல் மிஷினுக்கு விட்டேன். அய்யம்மாள் மகளுக்குக் கிறிஸ்துமசுக்கு ஒரு பாவாடை தைக்க வேண்டும்.

பிறகு பிஸ்டலைப் பிரித்துப் பரப்பினேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார். மிஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மூடி, அலமாரி மேல் வைத்தார். அடுக்களைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு மலையில நல்ல குளிராம்” என்றார்.

இரண்டு சொட்டு விட்டேன். போதாது, இன்னும் ஒன்று விடு என்றார்.