ஒடுக்கு விழுந்த பில்டர்

12.5.83
வில்லாபுரத்துக்கு லாரித் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை. அதுவும் மண் கரைத்த நிறம். தெருவில் இரண்டு பேருக்கு மஞ்சள்காமாலை. மருமகள் அன்னக்கொடிக்கு ஆறாம் மாதம். மகன் நல்லகாமன் பில்டர் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறான். "எவர்சில்வர் கடை வச்சிருக்கீங்க, வீட்ல ஒரு பில்டர் இல்ல. கேக்குறவன் சிரிப்பான்." சிரிக்கிறவன் வந்து கடையில் வாங்கட்டும்.

14.5.83
பீங்கான் பில்டரில் தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். கை தவறினால் போச்சு. எவர்சில்வர்தான் சரி. கடையில் வேலை பார்க்கும் முத்திருளன், தண்ணீர் வடிகட்டும் கேண்டில் மூன்று போட்ட பில்டரை எடுத்துத் துடைத்தான். அது விற்கிற சரக்கு. தனிஸ்லாஸ் வாத்தியார் போன மாதம் திருப்பிக் கொடுத்ததை இறக்கச் சொன்னேன். சரக்கு லாரியில் வரும்போதே மேல் பாத்திரத்தின் அடியில் ஒடுக்கு விழுந்த பில்டர் அது.

"அண்ணே, கேண்டில் சரியா உக்கார மாட்டேங்குதுன்னுதான வாத்தியாரு திருப்புனாரு?"

"இறுக்கித் திருகுனா உக்காரும். விக்க முடியாதது வேற எங்கடா போகும்?"

இருபத்தாறு வருஷமாக எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் இப்படி வந்ததுதான். வட்டமான குண்டான் ஒன்றுகூடக் கிடையாது. என் வீட்டுக்காரி பாண்டியம்மாள் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

17.5.83
பில்டர் நன்றாக வேலை செய்கிறது. அன்னக்கொடிதான் சந்தேகப்பட்டாள். "மாமா, எங்க சமயநல்லூர் வீட்ல ஒரு குடம் எறங்க ராத்திரி பூரா ஆகும். இது கோலம் போட்டுட்டு வர்றதுக்குள்ள எறங்கிருச்சு."

"நம்ம சரக்கு அப்பிடித்தான்" என்றேன்.

2.6.83
ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்று மண்ணெண்ணெய் வாங்கி வந்தால், அன்னக்கொடி ஸ்டவ்வில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறாள். கோபம் வந்துவிட்டது. "வடிகட்டுன தண்ணிய எதுக்குத்தா காய்ச்சுற? வரிசையில நின்னு பாரு, அருமை தெரியும்." ஸ்டவ்வை அணைத்தாள்.

9.7.83
அன்னக்கொடிக்குக் காய்ச்சல். வாந்தி. எட்டாம் மாதத்தில் என்ன மசக்கை?

12.7.83
கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா கேட்டது: "தண்ணியக் காய்ச்சித்தான குடிச்சீங்க?" பில்டர் இருக்கிறது என்றேன். "எந்தப் பில்டர் இருந்தாலும் காய்ச்சணுங்க" என்றார். நல்லகாமன் என்னைப் பார்த்தான். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

15.7.83
பெண் குழந்தை. அழவில்லை.

16.7.83
குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தோம். அன்னக்கொடிக்கு நினைவு தெளியவில்லை. கடை திறக்கவில்லை.

29.7.83
பிழைத்துவிட்டாள். அவள் வீட்டார் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே சமயநல்லூருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நல்லகாமனும் கூடவே போய்விட்டான். என்னிடம் சொல்லவில்லை.

31.7.83
வீட்டில் யாரும் இல்லாத நேரம், துணிக்குப் போடும் நீலப்பொடியைக் கரைத்துப் பில்டரில் ஊற்றினேன். கீழே குழாயைத் திறந்தால் நீலமாகவே வருகிறது. ஒடுக்கின் மேல் கேண்டிலின் ரப்பர் வாஷர் படியவே இல்லை. தண்ணீர் வடியாமலே சந்து வழியாக இறங்கியிருக்கிறது. கடைக்குப் போய்ப் புதுப் பில்டரிலும் ஊற்றிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து நாலு சொட்டு. தெளிவாக.

வாத்தியார் வீட்டுக்கு ஆகாததை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரி, நல்ல பில்டராகவே இருந்தாலும்? அடுப்பை அணைக்கச் சொன்னது யார்? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

21.8.83
சமயநல்லூர் போனேன். அவளிடமே சொன்னேன். நீலப்பொடி வரைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"வேகமா எறங்கும்போதே தெரியும் மாமா. உங்க சாமானக் கொற சொன்னா நீங்க மொகங்குடுத்துப் பேச மாட்டீங்கன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

அவள் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

22.8.83
ஒடுக்குப் பில்டரைச் சம்மட்டியால் தட்டிச் சப்பையாக்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன். யாரும் எடுத்துப் புழங்கிவிடக் கூடாது.

11.11.83
மழை பெய்திருக்கிறது. அன்னக்கொடியும் நல்லகாமனும் வந்தார்கள். கடையிலேயே முதல் தரமான பில்டரை அடுப்படியில் வைத்திருந்தேன். அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். மண்ணெண்ணெய் டின்னை அவள் கைக்கு எட்டுமாறு நகர்த்தி வைத்தேன்.

எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றினாள். எனக்கும். ஆறட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. சுடச்சுடக் குடித்தேன்.