கரையில் வாய்த்த மனைவி

நெதன்யா அருகே,
ஏப்ரல் 1947

அன்புள்ள ஹெனியாவுக்கு,

உன் ஜெலிக் கரை சேர்ந்துவிட்டான். இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மீதிக்கு வா. உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்த இத்தாலிய மருத்துவர் அடுத்த கப்பலுக்காவது உன்னை விடுவாரா?

கப்பலைப் பற்றி என்ன சொல்ல! உப்பில் ஊறும் ஹெர்ரிங் மீன் பீப்பாயை நினைத்துக்கொள். மீன்கள் நாங்கள், உப்பு மட்டும் வெளியே.

அனுமதியில்லாமல் வந்திறங்கும் யூதர்களைப் பிடிக்கக் கரையில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நின்றார்கள். பிடிபட்டால் சைப்ரஸ் தீவின் தடுப்பு முகாம்தான். பிறகு நான் உன்னை எப்போது பார்ப்பது? ஆனால் சுற்றுவட்டார மக்கள் ஓடிவந்து, தண்ணீரில் இறங்கி எங்களோடு கலந்துவிட்டார்கள். எல்லோரும் நனைந்து நின்றதால், வந்தவர் யார், ஊர்க்காரர் யார் என்று சிப்பாய்களுக்குத் தெரியவில்லை.

நான்தான் என்னையே காட்டிக்கொடுத்துக்கொண்டேன். ஒரு சிப்பாய் எதிரே வந்ததும் என் கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிட்டது. சீருடைக்கு முன் கழற்றாதவர்களுக்கு என்ன நடந்தது என்று, நாஜிகள் நம்மை அடைத்துவைத்த கெட்டோவில் நீயும் பார்த்தவள். வாத்தியாராக இருந்தபோது, வகுப்பில் சேட்டைக்காரனைவிட, காரணமில்லாமல் எழுந்து வணக்கம் சொல்பவன்மேல்தானே எனக்குச் சந்தேகம் வரும்? சிப்பாயும் அப்படித்தான் பார்த்தான்.

அதற்குள் ஒரு பெண்மணி என் முன்னால் பாய்ந்து வந்து எபிரேயத்தில் கத்தினாள்: "தொப்பியக் கழட்டிட்டா விட்ருவேனா? தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போன மனுசன், இங்க கடல வேடிக்க பாத்துட்டு நிக்கிறீங்க! வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன்!"

சிப்பாய்க்கு மொழி தெரியாது. ஆனால் அவனும் கல்யாணம் ஆனவன் போலிருக்கிறது. என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

அவள் பெயர் ஸிப்போரா. அவள் கணவரின் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். ஆரஞ்சுத் தோப்புக்குள் வந்ததும் நம் யித்திஷ் மொழியில், "உங்க சம்சாரம் இப்பிடித் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். "நீங்கள்லாம் அவ பக்கத்துலகூட வர முடியாதும்மா" என்றேன். "அப்ப பயப்படாதீங்க, வந்து சேந்துருவாங்க" என்றாள்.

இன்று காலை ஒரு போலீஸ்காரர் வாசலைக் கடந்து போனார். என் கை பாதிவரை எழுந்தது. பிறகு தானாக இறங்கிக்கொண்டது.

ஹெனியா, உடம்பைத் தேற்றிக்கொள். பாலைக் கொட்டிவிடாமல் குடி. எந்தக் கப்பல் வந்தாலும் நான் கரையில் நிற்பேன். "இவ்வளவு நேரம் எங்கடி போயிருந்த?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்துவேன். நீ பதிலுக்கு இன்னும் சத்தமாகத் திட்டவேண்டும். அதற்கு நெஞ்சில் மூச்சு வேண்டும். கடவுள் அதை உனக்கு நிறையத் தரட்டும்.

அன்று என் மனைவி என்று காட்டிக்கொள்ள, யாரும் பொய்யாகத் திட்ட வேண்டியிராது.

உன்
ஜெலிக்