ஒற்றைக் கையுறையின் விலை

அன்புள்ள ஓஸ்லா,

உன் முட்டி வலி குறைந்ததா? ஆடுகள் குளிரைத் தாங்குகின்றனவா?

நான் கிளம்பிய அன்று படகுத்துறையில் நீ கேட்டாய்: "மாசக்கணக்கா கையுறை பின்னுறேன். கடைக்காரன் எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சுக்கிட்டு, அப்புறமா வாய்க்கு வந்த விலையச் சொல்றான். என் உழைப்பு அவ்வளவுதானா?"

எடின்பரோவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் நடத்தும் பொருளியல் மாலை வகுப்பு இப்போது அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. பொருளின் மதிப்பு உழைப்பில் இருக்கிறது என்றார்கள் பழைய பொருளியலாளர்கள். வாங்குபவரின் தேவையில் இருக்கிறது என்றார்கள் பின்வந்தவர்கள்.

சென்ற வாரம் பனியில் சறுக்கிவிட்டேன். மணிக்கட்டில் சின்னச் சுளுக்கு, வேறொன்றுமில்லை. எழுத்து கோணுவது அதனால்தான். நீ பின்னிய இடக் கையுறை அங்கே தொலைந்துபோனது. மிஞ்சியதை வகுப்பில் காட்டி, என்ன தருவீர்கள் என்று கேட்டேன்.

"ஒத்தையா? ஓசில குடுத்தாலும் வேணாம் சார்!" என்றாள் மீன் விற்கும் இஸ்பெல்.

"அப்ப பின்னினவங்க உழைப்பு என்ன, தண்ணியில கரைஞ்சா போச்சு?" என்று எகிறினார் டிராம் ஓட்டுநர் டேவி.

"அவ்வளவு அக்கறைன்னா நீயே வாங்கி மூக்குல மாட்டிக்க!" என்றாள் இஸ்பெல்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அறைக்குத் திரும்பியும் அதையே யோசித்தேன். இரண்டு கையுறைக்கும் உன் உழைப்பு ஒன்றுதான். ஆனால் ஜோடி சேர்ந்தால்தான் விலை.

எனக்கு இடக் கைக்கு ஒன்று பின்னி அனுப்பு. இங்கே கடையிலும் கிடைக்கும், உன்னுடையதோடு சேராது. தபால் கப்பல் கிளம்பப்போகிறது, முடிக்கிறேன்.

இம்முறை கடைக்காரரிடம் வலக் கையுறைகளை மட்டும் கொண்டுபோ. விலை பேசி முடிந்தபின் இடக் கையுறைகளைக் கொடு.

உன்
லௌரி