உன் பேர் வெட்டிய சொம்பு

அக்கா,

புளி போட்டு உன் சொம்பைத் துலக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் புளி வாசம். நாம் புளிக்கூடை சுமந்து மலையிலிருந்து கலசப்பாக்கம் சந்தைக்கு இறங்கிப் போவோமே, அதே வாசம்.

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பேரன் வனத்துறையில் சேர்ந்துவிட்டான். காக்கிச் சட்டையோடு வந்து நின்றபோது ஊரே வந்து பார்த்தது. சின்னவன் ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கீழூர்க்காரர்கள்கூட அவனை சார் என்கிறார்கள். கடைக்குட்டி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். நீ இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கித் திரிந்தாயே, அந்தப் பேத்தி, நர்ஸ் படித்து பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அஞ்சாம் வகுப்போடு ஆட்டின் பின்னால் போன எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன மாதம் வரைக்கும்.

அந்தப் பேத்தி விஷயம்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்தச் சொம்பு வந்த கதை.

கொளுத்துகிற வெயிலில், கீழூரில் புளி வாங்குகிறவர் வீட்டு வாசலில் நாம் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா படியில் நின்றுகொண்டு, "தள்ளி நில்லுங்க, மேல பட்டுடப் போவுது. கைய நீட்டுங்க, ஊத்தறேன்" என்றாள். நீ கையை நீட்டவில்லை. "உங்க மாட்டுக்குத் தொட்டி வச்சிருக்கீங்க. எங்களுக்கு ஒரு லோட்டா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். அன்றைக்கே சந்தையில் இந்தப் பித்தளைச் சொம்பை வாங்கிப் பேர் வெட்டச் சொன்னாய். "எழுத்து சரியா இருக்குதா பாருடி, படிச்சவளே" என்று என்னிடம் நீட்டினாய். "இனிமே எவ வூட்லயும் இதுல ஊத்தனாத்தான் குடிப்பேன். கை இன்னா பாத்திரமாடி?"

நான் குடித்தேன், அக்கா. நீ நடந்த பிறகு குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தேன். ஓடிவந்து உன்னைப் பிடித்தபோது என் முந்தானை நனைந்திருந்தது. பார்த்தாய். பேரப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதில் நானும் உன்னோடு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

நீ படுக்கையில் விழுந்து, கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருநாள் சொம்பை என் மடியில் வைத்தாய். "நீ வச்சிக்கோடி. வர்றவங்களுக்குத் தண்ணி குடு" என்றாய்.

இப்போது மலையில் ரோடு போடுகிறார்கள். வடக்கேயிருந்து வந்த ஆட்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டு நம் வாசலுக்கும் வருவார்கள். பாஷை தெரியாது, முகமும் வேறு. வேலிக்கு வெளியே நிற்க வைத்துக் கையில் ஊற்றுவேன். இந்தச் சொம்பிலிருந்துதான். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன மாதம் பேத்தி போன் பண்ணி, ஒருத்தரைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். கூட வேலை செய்கிறவராம், கட்டிக்கொள்ளப் போகிறாளாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர்கள் வருகிற அன்று சாமைச் சோறு ஆக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது புழுதி படிந்த சட்டையோடு ஒரு பையன் வேலிப் பக்கம் வந்து, "பாட்டி, தண்ணி" என்றான். சின்னக் கண், சப்பை மூக்கு. ரோட்டு வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். "அங்கியே நில்லு, கைய நீட்டு" என்று சைகை காட்டி, சொம்பை உயரத் தூக்கி ஊற்றினேன். இங்கே இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே குனிந்து குடித்தான்.

பஸ் நிற்கும் இடத்தில் யாரோடோ பேசிவிட்டு, பின்னால் பேத்தி வந்தாள். முதல் சந்திப்பைப் படம் பிடிக்க வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். படமும் எடுத்துவிட்டாள். அப்புறம்தான் என்ன நடக்கிறது என்று பார்த்தாள்.

"பாட்டி, இவருதான்."

அந்தப் பிள்ளை என் காலைத் தொடக் குனிந்தது. அப்போதும் நான் ஓரடி பின்னால் போனேன், அக்கா.

"ரோட்டு ஆளுன்னு நெனச்சிட்டேன் கண்ணு" என்றேன். அதைவிட மோசமாக என்ன சொல்லியிருக்க முடியும்?

"ரோட்டு ஆளா இருந்தா?" என்றாள் பேத்தி. "இவரு மணிப்பூர்ல மலை ஆளு, பாட்டி. நம்மள மாதிரிதான். பெங்களூர்ல பஸ்ல ஏறுனா சீனாக்காரன்னு கேலி பண்றாங்க. எங்க பாட்டி அப்பிடி இல்ல, கீழூர்ல கைல தண்ணி ஊத்த வந்தப்பவே குடிக்காம வந்தவங்கன்னு சொல்லித்தான் கூட்டினு வந்தேன்."

உள்ளே போய்ச் சோறு போட்டு எடுத்து வந்தேன். அந்தப் பிள்ளை மட்டும் சாமைச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டது. எங்கள் ஊரிலும் இப்படிச் சின்ன தானியம் உண்டு என்று அவள் மூலமாகச் சொன்னது. கடைசி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். "கல்யாணத்த பெங்களூர்லயே வச்சிக்கிறோம், பாட்டி" என்று பஸ் படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாள்.

நேற்று ரோட்டு ஆள் ஒருவன் தண்ணீருக்கு வந்தான். வழக்கம்போலக் கையை ஏந்தினான். சொம்பை அதில் வைத்தேன். என் முகத்தையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாய் வைத்துக் குடித்தான். திருப்பிக் கொடுத்ததும் என் கை தானாகக் குழாய்ப் பக்கம் கழுவப் போனது. உன்னிடம் எதை மறைக்க? உனக்கு ஒரு நாளில் வந்தது எனக்கு இந்த வயதில்கூட முழுசாக வரவில்லை.

அப்புறம் பேத்திக்குப் போன் போட்டேன். கீழூர் வாசலில் நான் குடித்ததை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். "கேக்குதா கண்ணு?" என்றேன்.

"இருக்கேன், சொல்லு பாட்டி."

"அந்தப் படத்த அழிக்கச் சொல்லல கண்ணு, அது இருக்கட்டும். அவர இன்னொரு தபா கூட்டினு வா. இந்தச் சொம்ப அவரு கைல குடுக்கறேன். அப்ப புதுசா ஒரு போட்டோ எடுத்து, பெருசா போட்டு தபால்ல அனுப்பு. போன்ல எனக்குக் கண்ணு தெரியல. சொம்புல இருக்கற பேரு தெரியற மாதிரி எடு."