உப்பு வெளிச்சத்தில் எடுத்த முகம்

உன் முகத்தை வெளுத்துவிட்டார்கள், அக்கா. கழுத்துக்குக் கீழே நீயே இல்லை. திண்டிவனத்தில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் தலையை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி, யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை மேல் ஒட்டியிருக்கிறார்கள். கழுத்தில் அவளுடைய ஆரம். இன்று காலை உன் முதல் வருஷ தெவசத்துக்குப் போனபோது அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டிருந்தது. ஊதுபத்திப் புகைக்குள் உன்னைத் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தலை நான் எடுத்த படத்திலிருந்து போனது.

போன வருஷம் பங்குனியில் நீ வேலை செய்த உப்பளத்துக்கு வந்து எடுத்த முதல் ரோல் முழுக்க வீண். சுற்றிலும் வெள்ளை உப்பு. கேமரா அந்த வெள்ளைக்கு வெளிச்ச அளவு வைத்து உன்னைக் கரிக்கட்டையாக்கிவிட்டது. மறுவாரம் திரும்ப வந்தேன். வெயில் உன் முதுகில் விழும்படி, உப்புக் குவியலைப் பார்த்து உட்கார வைத்தேன். உப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் உன் கண்ணுக்குள் ஏறியது. கிட்டே வந்து உன் கன்னத்துக்கு அளவு வைத்தேன்.

"ஏம்பா, நாள் முச்சூடும் அதத்தான பாக்கறேன். படத்துக்கும் அதையே பாக்கணுமா?" என்றாய். "பவுடராச்சும் போட்டுக்கினு வர்றேன் இரு."

"வேணாங்க்கா. இப்பிடியே இரு."

"நீ கட்டிக்கப் போறவள இப்பிடி உக்கார வெச்சு எடு, பாக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஆள் வெளியே வருகிறார். அதற்காகக் காத்திருந்து அழுத்தினேன். இன்றும் யாரை எடுத்தாலும் அப்படித்தான் காத்திருக்கிறேன். வெடித்த உதடு, கண்ணோரச் சுருக்கம், கன்னத்தில் காய்ந்த உப்பு எல்லாம் அந்தப் படத்தில் வந்திருந்தன.

அடுத்த மாதமே அதே உப்பளத்தில், வெயிலில் பாத்தி வாரும்போது சுருண்டு விழுந்தாய். நிழலுக்கு ஒரு கீற்றுக்கொட்டகை போட முதலாளிக்கு மனசு வரவில்லை. வெறும் மயக்கம் என்று மோர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துபோனது.

இன்று உன் வீட்டுக்காரரிடம் சண்டைக்கே நின்றேன். "இது அக்காவா, மாமா? வெயில்ல கறுத்த மூஞ்சிய எவன் வெளுக்கச் சொன்னான்?"

"நான்தாம்பா சொன்னேன்," என்றார். "உசுரோட இருக்கசொல்ல ஒரு பட்டு எடுத்துத் தர முடியல. படத்துலயாச்சும் கட்டிக்கட்டுமே."

பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப்போன, நான் எடுத்த அந்த உப்பளத்துப் படத்தை நீட்டவும் முடியாமல், திரும்ப எடுத்து வரவும் மனமில்லாமல் வாசலில் நின்றேன். சுவரில் ஒரே ஒரு ஆணிதான் இருக்கிறது. அதில் எதை மாட்டட்டும்? வாயைத் திறந்து நீயே சொல்லு, அக்கா.