நிறுத்து என்றுதான் கை காட்டினாய்

இன்று காலை, மெல்பர்னின் மல்கிரேவ் பகுதியில் எங்கள் தெருவுக்குள் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஒன்று பின்னோக்கி வந்தது. பின்னால் ஒருவன் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். டீசல் புகை சன்னல் வழியாக உள்ளே வந்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டேன். நீ இறந்துபோய் மூன்று மாதமாகிறது.

சிங்கப்பூரில் தேசிய சேவையின்போது நாம் இருவரும் ராணுவ லாரி ஓட்டினோம். விடிந்ததும் டயர், எண்ணெய், தண்ணீர் எல்லாம் பார்ப்போம். படையினரைப் பயிற்சிக் காட்டில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை காத்திருப்போம். வேலையில் பாதி காத்திருப்புதான். நான் மெல்பர்ன் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பேன். நீ ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, "சர்வீஸ் முடிஞ்சதும் இந்த ஆர்மி லைசென்ஸ வெளி லைசென்ஸா மாத்திக்கிட்டு பஸ் ஓட்டப் போறேன்டா" என்பாய். உனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். அந்த மழை நாளில் நீதான் இறங்கினாய். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நிறுத்து என்று கை காட்டினாய், கத்தினாய். நின்றிருந்த ஜீப் நசுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பிரேக்கை மிதித்துக் கண்ணாடியைப் பார்த்தேன்; உன் கை அப்போதும் நிறுத்து என்றே காட்டிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, ஜீப்பில் யாருமில்லை.

யார் தவறு என்று சார்ஜண்ட் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நீ தவறாகக் கை காட்டிவிட்டதாகச் சொன்னாய். அவர் போனதும் உன்னைப் பார்த்தேன்.

"படிக்கப் போறவன் நீ. பேசாம இரு," என்றாய்.

பேசாமலேயே இருந்தேன். அடுத்த வாரம் உன்னை வண்டியிலிருந்து எடுத்துப் பண்டகசாலையில் போட்டார்கள். வெளி லைசென்ஸ் கைக்கு வரவில்லை. வெளியே வந்த பிறகும் ஒரு கிடங்கில்தான் வேலை பார்த்தாய். நான் இங்கே வந்து படித்தேன், வேலையில் அமர்ந்தேன், வீடு வாங்கினேன்.

ஒருமுறை குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினாய். கடற்கரையில் நடக்கும்போது, "அந்த ஜீப்..." என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு நல்ல மழை, இல்ல?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். அதற்குமேல் கேட்கத் துணியவில்லை. உண்மையில், நீ பேச்சை மாற்றியது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

லாரி போன பிறகு உன் மனைவிக்குப் போன் செய்தேன். ஜீப் என்றதும் லேசாகச் சிரித்தார்.

"தெரியும்ண்ணே. தப்பா கை காட்டிட்டேன்னு அவரே சொல்வாரு. பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்காரு."

உன் வீட்டிலும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறாய். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"மக சாயந்திரம் வருவா," என்றார். "அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

இன்று வேலைக்குப் போகவில்லை. நான் செய்ததைச் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரியாக வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. உன் மகளிடம், "உன் அப்பா நல்ல டிரைவர், அம்மா" என்று தொடங்குவேன்.